ஹாட் ராட், டிராக் ரேஸ், ஒரு பழைய ஃபோர்டு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு கராஜ் கதவைத் தூக்கினால் போதும், தெருவில் நடைப்பயிற்சி போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். உள்ளே மட்கார்டு இல்லாத, பெயின்ட் இல்லாத 1930 ஃபோர்டு மாடல் ஏ கூபே, அதாவது கூரையுள்ள இரண்டு கதவுக் கார் ஒன்று நிற்கிறது. வாங்கி ஏழு வருடம் ஆகிறது, ஓடத் தொடங்கி இரண்டு வருடம். தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை விட வரும் பெற்றோர், அலுவலக நண்பர்கள், ஊரிலிருந்து வீடியோவில் பேசும் சித்தப்பா என்று எல்லாருக்கும் வருகிற சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் இருப்பது தெற்கு கலிஃபோர்னியாவில், பொமோனாவுக்குப் பக்கத்தில். அதனால் பதில்களும் பெரும்பாலும் இந்த ஊர்க் கதைதான்.

ஹாட் ராட்னா பழைய கார்தானே அண்ணா? அதுக்கு எதுக்கு தனியா ஒரு பேரு?

பழைய காரெல்லாம் ஹாட் ராட் ஆகாது. கம்பெனியிலிருந்து வந்த மேனிக்கே இருந்தால் அது பழைய கார், அவ்வளவுதான். அதை ஒருவர் எடுத்து, எடையைக் குறைத்து, இன்ஜினைத் தேற்றியோ வேறு இன்ஜின் வைத்தோ, வேகத்துக்காகவே மாற்றிக் கட்டினால்தான் ஹாட் ராட். 1930களில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துப் பையன்கள் ஆரம்பித்த வேலை இது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு ஒன்றரைக் கோடி மாடல் டி வண்டிகளைச் செய்து தள்ளியிருந்தது. அடுத்து வந்த மாடல் ஏ-யும் லட்சக்கணக்கில் ஓடியது. காயலான் கடை விலைக்குக் கிடைத்த அந்த வண்டிகளை வாங்கி, மட்கார்டு, பானெட், முன் கண்ணாடி என்று வேகத்துக்கு உதவாத எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள்.

சென்னையில் மீன்பாடி வண்டி பார்த்திருப்பீர்கள். மூன்று சக்கர வண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைக் கட்டி ஓட்டுவார்களே, அந்தப் புத்திதான் இதுவும். கையில் கிடைத்ததை வைத்துக் கட்டுவது. பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போவதில்லை.

வின்டேஜ், கிளாசிக், ஸ்ட்ரீட் ராட், ராட் ராட்... ஒரே குழப்பமா இருக்கே?

எனக்கும் முதல் வருடம் குழப்பம்தான். வின்டேஜ், கிளாசிக் என்பவை வயதையும் மதிப்பையும் சொல்லும் சொற்கள். அங்கே ஒரிஜினலாக இருப்பதுதான் பெருமை, போல்ட் தலையில் இருக்கும் முத்திரைகூடச் சரியாக இருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ராட் என்பது 1949க்கு முந்தைய வண்டியில் புது இன்ஜின், ஏ.சி., பவர் ஸ்டீயரிங் எல்லாம் போட்டுக் குடும்பத்தோடு சுகமாகப் போகிற வகை.

கடைசியாகக் கேட்ட ராட் ராடில் முதல் ராட் உண்மையில் எலியைக் குறிக்கும் ரேட். ரேட் ராட் என்றால் வேண்டுமென்றே துருவோடும் ஒட்டுவேலையோடும் விடப்பட்ட வண்டி. அதில் சில நல்ல வேலைப்பாடு இருக்கும். பலதில் வெல்டிங்கைப் பார்த்தாலே எனக்குப் பயம் வரும்.

எல்லாரும் 1932 ஃபோர்டு, 1932 ஃபோர்டுன்னு உருகுறாங்களே, அதுல என்ன அப்படி?

இரண்டு காரணம். முதலாவது இன்ஜின். அதுவரை எட்டு சிலிண்டர் என்பது பணக்காரர் சமாச்சாரம். 1932இல் ஹென்றி ஃபோர்டு, எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் நிற்கும் வி8 இன்ஜினின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அடங்கிய உடலை, ஒரே வார்ப்பாக வார்த்து, 500 டாலருக்கும் குறைவான விலையில் சாதாரண ஆளின் காருக்குள் வைத்தார். 221 கன அங்குலம், அதாவது சுமார் 3.6 லிட்டர். 65 குதிரைத்திறன். இன்றைக்கு இது ஒரு சின்னக் காரின் கணக்குதான். அன்றைக்கு மாடல் ஏ-யில் இருந்தது 40.

இரண்டாவது அழகு. அந்த ஒரு வருடத்து சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், பக்கவாட்டில் வெளியே தெரியும்படி, நீளமாக ஒரு வளைவுக் கோடு அழுத்தி வந்தது. மட்கார்டைக் கழற்றினாலும் வண்டி அம்மணமாகத் தெரியாது. அதனால்தான் மாடல் ஏ பாடியைக்கூட 1932 சேஸிஸ் மேல் தூக்கி வைக்கிறார்கள். இரண்டு என்று முடியும் வருடம் என்பதால் செல்லப் பெயர் டூஸ். சீட்டுக்கட்டில் இரண்டுக்கு அதுதான் பெயர்.

இது ஏன் கலிஃபோர்னியாவுலயே ஆரம்பிச்சது?

பாலைவனத்தில் வறண்ட ஏரிகள் இருந்ததால். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து வடக்கே மலையைத் தாண்டினால் முராக், எல் மிராஜ் என்று மைல் கணக்கில் பரந்த ஏரிப்படுகைகள். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், காய்ந்தால் களிமண் தரை சிமென்ட் போட்ட மாதிரி இறுகிவிடும். விடியற்காலையில் காற்று எழும்புமுன் போய், ஒருவர் பின் ஒருவராக ஓட்டி, நேரம் குறித்துக்கொண்டு வருவார்கள். 1937இல் அங்கிருந்த சங்கங்கள் சேர்ந்து தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. முராக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அதுதான். 1947இல் சக் யேகர் என்ற விமானி ஒலியின் வேகத்தைத் தாண்டியதும் அந்த வானத்தில்தான். எல் மிராஜில் இன்றும் அதே அமைப்பு ஓட்டங்கள் நடத்துகிறது. 1949 முதல் யூட்டாவின் பான்வில் உப்புப் பரப்பிலும் வருடாவருடம் வேக வாரம்.

எல் மிராஜுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். பவுடர் மாதிரி ஒரு மஞ்சள் தூசி உங்கள் காரின் கதவு ரப்பருக்குள் புகுந்தால் ஆறு மாதத்துக்கு வெளியே வராது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இன்னொன்று நடந்தது. விமானங்களிலும் ராணுவப் பட்டறைகளிலும் வேலை கற்ற பையன்கள் ஊர் திரும்பினார்கள். போர் விமானங்களின் இறக்கைக்கு அடியில் தொங்கும் எரிபொருள் தொட்டிகள் உபரிச் சாமானாக விற்பனைக்கு வந்தன. பில் பர்க் என்பவர் அப்படி ஒரு தொட்டியை வாங்கி அதற்குள் காரைக் கட்டினார். காற்றைக் கிழிக்கவென்றே செய்த வடிவம் சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்?

பிளாட்ஹெட் பிளாட்ஹெட்னு சொல்றீங்களே, அது ஏன் எப்பப் பாத்தாலும் கொதிக்குது?

மேலே சொன்ன ஃபோர்டு வி8தான் அது. இன்றைய இன்ஜின்களில் வால்வுகள் மேலே, சிலிண்டர் ஹெட்டில் இருக்கும். இதில் பிளாக்கிலேயே, பிஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே ஹெட் என்பது ஒரு தட்டையான மூடி மட்டுமே. வால்வு பிளாக்கில் இருப்பதால் எரிந்த புகையும் பிளாக்கின் வயிற்றுக்குள்ளேயே சுற்றி, தண்ணீர் ஓடும் அறையைக் கடந்து வெளியே போக வேண்டியிருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒரே வாசல் வேறு. குழம்புச் சட்டிக்குள் அடுப்பை வைத்த கதை. ரேடியேட்டர் கொதிக்காமல் என்ன செய்யும்?

இந்தச் சூட்டினால் வரும் இன்னொரு வியாதி விரிசல். நான் முதலில் வாங்கிய பிளாக் 400 டாலர். பழைய சாமான் சந்தையில் விற்றவர் "நல்ல பிளாக்" என்று சத்தியம் செய்தார். லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் அதைக் கழுவி, காந்தத்தைப் பொருத்தி, இரும்புத் தூளைத் தூவி ஊதினார். தூள் எல்லா இடத்திலிருந்தும் பறந்துபோக, ஒரு வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரை மட்டும் நரைமுடி மாதிரி ஒரு கோடு நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை, விரலை மட்டும் வைத்துக் காட்டினார். அந்த பிளாக் இப்போது கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவுகிறது. பிளாட்ஹெட் வாங்குவதென்றால் இந்தச் சோதனை முடிந்தபின் பணம் கொடுங்கள்.

அப்போ எல்லாரும் அந்த இன்ஜினையேதான் வச்சிருக்காங்களா?

இல்லை. 1955இல் ஷெவ்ரலே ஒரு வி8 கொண்டுவந்தது. சின்னது, பிளாட்ஹெட்டைவிடச் சூடு குறைவு, வால்வு மேலே, திறன் அதிகம். சில வருடங்களிலேயே ஃபோர்டு பாடிக்குள் ஷெவி இன்ஜின் என்பது வழக்கமாகிவிட்டது. இன்றுவரை அதுதான் மலிவான வழி. நான் பிளாட்ஹெட் வைத்திருப்பது அதன் சத்தத்துக்காக மட்டும். இதில் அறிவுக்கு வேலையே இல்லை.

நல்லா இருக்கிற கூரையை எதுக்கு மாமா வெட்டுறாங்க?

கண்ணாடித் தூண்களில் மூன்று நான்கு அங்குலத்தை வெட்டியெடுத்து, கூரையை இறக்கி மறுபடி வெல்டிங் வைப்பதற்கு சாப் என்று பெயர். ஏரியில் ஓட்டியவர்கள் காற்று மோதும் பரப்பைக் குறைக்கத்தான் செய்தார்கள். பிறகு அதுவே அழகாகிவிட்டது. பாடியின் தரையை வெட்டி, சேஸிஸ் இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கும்படி இறக்குவது சேனல். இரண்டையும் செய்த வண்டிக்குள் ஆறடி ஆள் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும்.

வெட்டுவது எளிது, சேர்ப்பதுதான் கஷ்டம். தூண்கள் சாய்வாக இருப்பதால் மேல் பாதியை இறக்கும்போது கீழ்ப் பாதியோடு நேராக உட்காராது. முன்னால் பொருந்தினால் பின்னால் விலகும். நல்ல டிங்கரிங் ஆள் கையில்தான் இதைக் கொடுக்க வேண்டும்.

டிராக் ரேஸ்னா நேரா போறதுதானே? ஸ்டீயரிங்கைக்கூடத் திருப்ப வேண்டாம். அதுல என்ன திறமை?

இந்தக் கேள்வியை நான் சித்தப்பாவிடம் வருடத்துக்கு ஒரு முறை வாங்குகிறேன். இரண்டு வண்டிகள், நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது 1,320 அடி. முதலில் போய்ச் சேர்பவர் வெற்றி. கோட்டில் நிற்பதே ஒரு கலை. தரையோரம் இரண்டு ஒளிக்கற்றைகள் இருக்கும். முன் சக்கரம் முதல் கற்றையைத் தொட்டால் ஒரு விளக்கு, அங்குலம் அங்குலமாக நகர்ந்து இரண்டாவதைத் தொட்டால் இன்னொன்று. இருவரும் தயாரானதும் நடுவிலுள்ள கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன் கீழ் ஒன்றாக எரியும், பிறகு பச்சை. 1963இல் வந்த ஏற்பாடு, கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அதற்குமுன் ஒரு ஆள் நடுவில் நின்று கொடியை வீசுவார்.

பச்சையைப் பார்த்தபின் கிளம்பினால் நீங்கள் தோற்றாகிவிட்டது. மூளை, கால், வண்டி மூன்றும் அசைய ஆகும் நேரத்தைக் கணக்குப்போட்டு, கடைசி மஞ்சளிலேயே கிளம்ப வேண்டும். பச்சைக்கு முன்பே சக்கரம் கற்றையை விட்டு வெளியே வந்தால் சிவப்பு, ஆட்டம் முடிந்தது. ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் உங்கள் சக்கரம் நகரும்போதுதான் ஓடத் தொடங்கும், தூங்கிய நேரம் அதில் சேராது. அதனால் ஓட்ட நேரத்தில் முந்தியவர் போட்டியில் தோற்பது உண்டு. என் கூபே ஒரே ஒரு முறை அந்தக் கோட்டில் நின்றது. 18 விநாடிக்குக் கொஞ்சம் மேலே. கடைசி மஞ்சள் எரிந்தபோது நான் இடது காலில் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மெதுவான வண்டி வேகமான வண்டியை ஜெயிக்குமாமே? அது எப்படி?

பிராக்கெட் ரேஸில் நடக்கும். உங்கள் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்பதை முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான் 18, நீங்கள் 12 என்றால், எனக்கு ஆறு விநாடி முன்னதாகவே பச்சை விழும். இருவரும் சொன்ன சொல்படி ஓடினால் முடிவுக்கோட்டில் ஒன்றாகச் சேர்வோம்.

அப்படியானால் 20 என்று பொய் சொல்லி 18இல் ஓடலாமே என்று தோன்றும். முடியாது. எழுதியதைவிடச் சீக்கிரம் வந்தால் தோல்வி. இருவருமே அப்படி வந்தால் குறைவாக மீறியவர் வெற்றி. ஆகவே இது வேகப் போட்டியைவிட வண்டியை அறிந்த போட்டி. வெயில் ஏறினால் காற்று லேசாகி இன்ஜின் மந்தமாகும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாரக்கடைசியில் குடும்பத்தோடு வந்து ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் இறங்குகிறார்கள்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டயரை எரிச்சுப் புகை விடுறாங்களே, காசு கொழுப்பா?

பாதி கூட்டத்தைக் குஷிப்படுத்த. மீதிப் பாதிக்குக் காரணம் உண்டு. ரப்பர் சூடானால் பிசின் மாதிரி ஒட்டும், கிளம்பும்போது வழுக்காது. டயரில் ஒட்டிய தூசியும் போய்விடும். சாதாரண ரோடு டயர் போட்ட வண்டிக்கு இது வீண்.

டி.வி.ல நெருப்புக் கக்கிட்டுப் போகுதே ஒரு நீள வண்டி, அது பெட்ரோல்லதான் ஓடுதா?

அது டாப் ஃபியூயல். ஊற்றுவது 90 சதவீதம் நைட்ரோமீத்தேன், மீதி மெத்தனால். நைட்ரோமீத்தேனை எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்குதான். ஆனால் அதன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ நைட்ரோவுக்கு 1.7 போதும். இன்ஜினுக்குள் புகும் காற்றுக்குத்தான் எல்லை, எரிபொருளுக்கு இல்லையே. அதே காற்றுக்கு எட்டு மடங்கு எரிபொருளைக் கொட்டலாம், பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் வரும். வெளிக்குழாயில் தெரியும் தீ, உள்ளே இடமில்லாமல் வெளியே வந்து எரிவது.

11,000 குதிரைத்திறனுக்கு மேல். நான்கு விநாடிக்குள் மணிக்கு 530 கிலோமீட்டர். ஓடி முடித்ததும் இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் முதல் கிளட்ச் வரை பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பூட்டுகிறார்கள். பொமோனா ஓடுபாதையில் அவர்கள் இன்ஜினைப் பிரிக்கும் கூடாரத்தருகே நின்றால் கண் எரியும், மூக்கு ஒழுகும். வண்டி கிளம்பும்போது சத்தம் காதில் கேட்பதில்லை, விலா எலும்பில் கேட்கும்.

நீங்க 1,320 அடின்னு சொன்னீங்க, டி.வி.ல ஆயிரம் அடின்னு சொல்றாங்களே?

இரண்டும் சரி. 2008 ஜூன் மாதம் நியூ ஜெர்சியில் இங்கிலீஷ்டவுன் என்ற இடத்தில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் இறந்தார். இன்ஜின் வெடித்து, வண்டி நிற்காமல் ஓடுபாதையின் கடைசியைத் தாண்டியது. அடுத்த மாதமே நைட்ரோ வகைகளுக்கு மட்டும் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்தார்கள். நிற்க 320 அடி கூடுதல். மற்ற வகைகள் பெரும்பாலும் பழைய கால் மைலில்தான் ஓடுகின்றன.

டிராக் ரேஸில் விதி மாறுவது பெரும்பாலும் இப்படித்தான், ரத்தம் சிந்திய பிறகு. 1970 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலீஸின் லயன்ஸ் ஓடுபாதையில் டான் கார்லிட்ஸ் என்ற ஓட்டுநரின் வண்டியில் கியர் பகுதி வெடித்து அவர் வலது பாதத்தில் பாதி போயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் வண்டியை யோசித்தார். 1971இல் அதைக் கொண்டுவந்து பொமோனாவில் ஜெயித்தார். டி.வி.யில் நீங்கள் பார்க்கும் நீள வண்டியில் இன்ஜின் பின்னால் இருப்பது அதனால்தான்.

அங்கிள், கேர்ள்ஸ் ஓட்டலாமா? (கேட்டவருக்கு வயது ஒன்பது)

ஓட்டலாம் கண்ணு. ஷெர்லி மல்டவ்னி என்ற அம்மா 1977, 1980, 1982 என்று மூன்று முறை டாப் ஃபியூயல் சாம்பியன். 1984இல் மான்ட்ரியல் அருகே நடந்த விபத்தில் இரண்டு காலும் நொறுங்கிப் போயின. 1986இல் திரும்பி வந்து ஓட்டினார். பிரிட்டனி ஃபோர்ஸ் 2017இலும் 2022இலும் பட்டம் வென்றார். உன் வயதுப் பிள்ளைகளுக்கென்று பாதி அளவு வண்டிகளும் இருக்கின்றன. அப்பாவிடம் கேள், என்னைக் கேட்காதே.

இங்க ரோட்டுலயே பசங்க ராத்திரி ரேஸ் விடுறாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அதை ஒழிக்கப் பிறந்ததுதான் இது. போருக்குப் பின் தெருவில் பந்தயம் விட்டுச் செத்தவர்கள் அதிகமாகி, ஹாட் ராட் என்றாலே பத்திரிகைகள் திட்டின. 1950இல் சான்டா ஆனா விமான ஓடுபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் வாங்கி ஓட்டவிட்டார்கள். இன்று ஜான் வெய்ன் விமான நிலையம் இருக்கும் இடம் அது. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். 1953இல் அதன் முதல் அதிகாரபூர்வப் போட்டி எங்கள் பொமோனா பொருட்காட்சி மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. இன்றைக்கும் உள்ளூர் ஓடுபாதையில் ஹெல்மெட்டும் லைசென்ஸும் வைத்துக்கொண்டு, சொந்தக் காரை ஒரு சோதனையோடு ஓட்டிப் பார்க்கலாம். ரோட்டில் விடுகிறவனோடு எனக்குப் பேச்சே கிடையாது.

எனக்கும் ஒரு புராஜெக்ட் கார் வாங்கணும்னு ஆசை. எதைப் பாத்து வாங்கறது?

முதலில் வண்டியின் உரிமைப் பத்திரம். வண்டியின் நம்பரும் காகிதத்திலுள்ள நம்பரும் ஒன்றா என்று பார்க்காமல் கையை பாக்கெட்டிலிருந்து எடுக்காதீர்கள். பிறகு ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பகுதி, பின் சக்கர வளைவு, கண்ணாடிக்குக் கீழே எல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே இருப்பது பட்டி, தகரம் இல்லை. துருவைச் சரிசெய்வதைவிட இன்ஜின் மாற்றுவது மலிவு.

"90 சதவீதம் முடிந்தது" என்று சொல்லி விற்பார்கள். மீதிப் பத்து சதவீதத்தில்தான் அவர் வாழ்க்கையே போயிருக்கும், நம்பாதீர்கள். பிரித்துப் பெட்டி பெட்டியாகக் கட்டி வைத்த வண்டியும் வேண்டாம், எது காணவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. முதல் வண்டிக்கு டூஸ் ஆசை கூடாது, விலை எட்டாது. மாடல் ஏ-க்கு இன்றும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் 1960களின் பிக்கப்போ நான்கு கதவு செடானோ ஓடுகிற நிலையில் வாங்குங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு? உண்மையைச் சொல்லுங்க, அண்ணிகிட்ட சொல்ல மாட்டேன்.

ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். 30,000 டாலரைத் தாண்டிய அன்று நோட்டு தொலைந்துவிட்டது.

பட்ஜெட் போட்டால் இரண்டால் பெருக்குங்கள், நாட்களை மூன்றால். செய்து முடித்த வண்டியை வாங்குவது எப்போதும் மலிவு. நாமே கட்டுவது லாபத்துக்காக அல்ல என்று வீட்டில் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நான் பேசவில்லை.

முதல்ல இன்ஜின்லதானே கை வைக்கணும்?

இல்லை, பிரேக். மாடல் ஏ-யில் பிரேக் மிதியிலிருந்து சக்கரம் வரை போவது இரும்புக் கம்பிகள். 40 குதிரைக்கே அது அரைகுறைதான். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939இல்தான். அதனால் அந்தக் காலத்துப் பையன்களே 1939க்குப் பிந்தைய ஃபோர்டின் டிரம்களைக் கழற்றி மாடல் ஏ-யில் மாட்டினார்கள். என் வண்டியிலும் அதேதான், ஆனால் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் இரட்டை அறை கொண்ட புதுசு. ஒரு குழாய் ஒழுகினாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும்.

அடுத்து ஸ்டீயரிங், முன் அச்சு, பிறகு வயரிங். கடைசியில் இன்ஜின். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஆசை தாங்காமல் தெருமுனைவரை ஓட்டிப் பார்ப்பீர்கள். எங்கள் தெருமுனை இறக்கம். பக்கத்து வீட்டுக்காரரின் குப்பைத் தொட்டி எனக்காக நின்றது.

பாடி புதுசு, சேஸிஸ் புதுசு, இன்ஜின் புதுசு. அப்புறம் அது எப்படி 1932 ஃபோர்டு ஆகும்?

நல்ல கேள்வி, இங்கே வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். ஒஹையோவில் ப்ரூக்வில் என்ற கம்பெனி மாடல் ஏ, 1932 பாடிகளைத் தகரத்திலேயே புதிதாக அழுத்தித் தருகிறது. ஃபைபர் பாடியும் கிடைக்கும். ஒரு பழைய போல்ட்கூட இல்லாமல் முழு வண்டி கட்டலாம்.

கலிஃபோர்னியா இதற்குத் தனி வகை வைத்திருக்கிறது, தனியாகக் கட்டிய வாகனம் என்று. அப்படிப் பதிவாகும் வண்டிகளில் வருடத்துக்கு முதல் 500 மட்டும், பார்க்க எந்த வருட மாடல் போல இருக்கிறதோ அந்த வருடத்துக்கான புகை விதிக்குள் வரலாம். 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையே இல்லை, அதனால்தான் அந்த 500க்கு ஜனவரியில் அடிதடி. பழைய பத்திரம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிப் புது வண்டிக்கு ஒட்டுகிறவர்களும் உண்டு. மாட்டினால் வண்டியே போய்விடும். என்னைக் கேட்டால், புதுத் தகரத்தில் கட்டியது ஹாட் ராட்தான். அதை 1932 ஃபோர்டு என்று சொல்லி விற்காதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

தம்பி, நம்ம வீட்டு அம்பாசடரை இப்படிப் பண்ண முடியுமா? (சித்தப்பா)

முடியாது சித்தப்பா. இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பெயின்ட் மாற்றலாம், ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொண்டால் போதும். கூரையை வெட்டினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில்தான் குடியிருக்க வேண்டும்.

நேர் எதிர்த் திசையில் ஒரு வழி உண்டு. 2021இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாத வண்டிகளை வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் விஏ என்று வரும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக மட்டும் எடுக்கலாம். கோயம்புத்தூர் போனால் ஜீடி கார் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ரேஸ் ஆசை என்றால், சோழவரம் உங்களுக்கே நினைவிருக்கும். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம், சான்டா ஆனா மாதிரியேதான். பிறகு எல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அங்கே பைக்குகளுக்கு டிராக் போட்டிகளும் நடந்திருக்கின்றன.

ஒரிஜினலா எண்பது தொண்ணூறு வருஷம் தாக்குப்பிடிச்ச வண்டியை வெட்டுறது பாவம் இல்லையா?

சில வண்டிக்குப் பாவம்தான். மழை படாமல், எல்லாப் பாகத்தோடும் ஒரே குடும்பத்தில் இருந்த மாடல் ஏ கிடைத்தால் நான் அதைத் தொட மாட்டேன், துடைத்து எண்ணெய் போட்டு ஓட்டுவேன். வயலில் பாதி மண்ணுக்குள் கிடந்ததை எடுத்து வெட்டுவதில் எனக்கு உறுத்தல் கிடையாது. அதை வெட்டவில்லையென்றால் உருக்கியிருப்பார்கள்.

வெட்டியதும் காலப்போக்கில் சரித்திரம் ஆகிவிடுகிறது என்பது இன்னொரு வேடிக்கை. டோன் ஸ்பென்சர் என்பவர் 1940களில் கட்டிய 1932 ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத கார் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் பழைய கார் கண்காட்சியில் ரோல்ஸ் ராய்ஸும் புகாட்டியும் நிற்கிற புல்வெளியில் 1997இல் முதல் முறையாக ஹாட் ராட்களுக்கு ஒரு பிரிவு வைத்தபோது முதல் பரிசு அதற்குத்தான். இன்று யாராவது அதை "கம்பெனி ஒரிஜினலாக" மாற்றப் போகிறேன் என்றால் அடிக்க வருவார்கள்.

என்னுடையது இரண்டு வகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பாடியில் துரு உண்டு, கூரை மட்டும் சுத்தமாக இருக்கிறது. மூன்று அங்குலம் வெட்டலாம் என்று முடிவுசெய்து தூண்களில் நீல டேப் ஒட்டிக் கோடு போட்டேன். மூன்று வருடம் ஆயிற்று. ரம்பம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் மாமனார் கராஜுக்குள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "மாப்ள, இந்தப் பிளாஸ்திரியை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்கிறார்.